முடிவெடுத்தவர் பெயர்

ஜினேந்திரனுக்கு எதிலும் சந்தேகம். அதைக் குறை என்று சொல்லக் கூடாது, அது அவர் தொழில். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஜரிகைக் கடை வைத்திருப்பவர் கண்டதையும் நம்பினால் மூன்றே மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். கட்டு கைக்கு வந்ததும் அவர் ஒரு இழையைப் பிரித்து நகத்தால் சுரண்டுவார். மேலே இருக்கிற பொன் உதிர்ந்து உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். வெள்ளையாகத் தெரிந்தால், கொண்டுவந்தவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக வழியனுப்பிவிடுவார். இருபது வருஷம் இப்படிச் சுரண்டிச் சுரண்டி, இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே படிக்கிறார்.

அவருடைய சந்தேகப் பட்டியலில் முதலிடம், மகள் ஸ்ரேயா ஏழாவது படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு. ஏனாத்தூர் போகிற வழியில் இருக்கிற இன்டர்நேஷனல் ஸ்கூல் அது. அங்கே ரேங்க் கிடையாது. புத்தகம் உண்டு, ஆனால் அதில் பதிலைத் தேடினால் கேள்விதான் அகப்படும். ஒரு மாதத்துக்கு ஒரு கேள்வி. அதைப் பிள்ளைகளே ஆராய்ந்து, நாலு பேரைக் கேட்டு, கண்ணால் பார்த்து, பதில் கண்டுபிடிக்க வேண்டுமாம். போன தடவை ‘தண்ணீர் யாருக்குச் சொந்தம்?’ என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் வேன் ஏறிப் பாலாற்றைப் பார்க்கப் போய், மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

காந்தி ரோட்டில் யாராவது, “பொண்ணு எத்தினியாவது ரேங்க்கு?” என்று கேட்டால் ஜினேந்திரன் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். அந்தப் பள்ளியில் சேர்த்தது அவர் மனைவி விஜயா. சேர்த்த அன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அதுவே சந்தேகத்துக்கு இடமானது.

பொங்கல் கழிந்த இரண்டாவது திங்கட்கிழமை காலை, குளித்து முடித்துக் கண்ணாடி முன்னால் நின்று அவர் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். அடுத்த வருஷம் ஸ்ரேயா பழைய பள்ளிக்கூடத்துக்கே போவாள். ரேங்க் போடுகிற பள்ளிக்கூடம். அவர் படித்த பள்ளிக்கூடம். இங்கேயே தொடர்வதாக இருந்தால் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி ஒரு படிவம் வந்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதில் அவர் கையெழுத்துப் போடப் போவதில்லை. ‘வீட்டுக்கு ஆம்பளை நான், முடிவு என்னோடது’ என்று கண்ணாடியிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். கண்ணாடி மறுக்கவில்லை.

தைரியமாகச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து தொண்டையைச் செருமினார். அதற்குள் ஸ்ரேயா ஒரு நீல நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முந்திவிட்டாள்.

“அப்பா, இன்னிக்கு இட்லின்னு முடிவு பண்ணது யாரு?”

“இட்லியா? அதுக்கு எதுக்கும்மா முடிவு? மாவு இருக்குது, இட்லி.”

“மாவு அரைக்கலாம்னு முடிவு பண்ணது யாரு?”

ஜினேந்திரன் விஜயாவைப் பார்த்தார். விஜயா சட்னியைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். இந்த மாதத்துக் கேள்வி, ‘ஒரு வீட்டில் முடிவு எடுப்பது யார்?’ ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டை இரண்டு வாரம் கவனித்து நோட்டில் எழுத வேண்டும். முதல் கட்டத்தில் முடிவு, இரண்டாவதில் முடிவெடுத்தவர் பெயர், மூன்றாவதில் ஆதாரம். அடுத்த வாரம் சனிக்கிழமை சாயந்திரம் எல்லாவற்றையும் பெரிய அட்டையில் எழுதிப் பள்ளியில் மாட்டுவார்கள். பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள். காந்தி ரோட்டுப் பட்டுக்கடைக்காரர் பாதிப் பேரின் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள் என்பது ஜினேந்திரனுக்குத் தெரியும்.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். காலை ஏழரைக்குள் நாலு வரி ஆகியிருந்தது. இட்லி, அம்மா. ஃபேன் இரண்டாம் நம்பரில், அம்மா. அப்பா போட்டிருக்கும் சட்டை, அம்மா. அந்தச் சட்டையை மாற்ற வேண்டும் என்பது, மறுபடியும் அம்மா.

பள்ளிக்கூடத்தை மாற்றுகிற முடிவை இந்த நேரத்தில் வெளியிடுவது உசிதமாகப் படவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போனார்.

பக்கத்துக் கடை பரசுராமனுடையது. தறிக்கு வேண்டிய அச்சு, நாடா எல்லாம் அவனிடம் கிடைக்கும். யோசனை இலவசம். ஜினேந்திரன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, அவன் கடைக்கு வெளியே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். ஜைனக் குடும்பத்தவரை ஊரில் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நைனாரே, இது பள்ளிக்கூடத்துக் கேள்வி மாறி தெரியல. வூட்டுக் கேள்வி மாறி இருக்குது.”

“விஜயா சொல்லிக் குடுத்திருப்பாளோ?”

“நா அப்டி சொல்லல. ஆனா அந்த அட்டை செவுத்துல தொங்கும். காந்தி ரோடே நின்னு படிக்கும். ஒரு எடத்துலயாவது உங்க பேரு இருக்கணுமில்ல?”

“இன்னா பண்றது?”

“முந்திக்கோங்க. அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னால முடிவ சொல்லிடுங்க.”

மறுநாள் காலை ஜினேந்திரன் பல்கூடத் துலக்காமல் சமையலறை வாசலில் போய் நின்று, இன்றைக்கு வெண்பொங்கல் என்று அறிவித்தார். உள்ளே பாசிப்பருப்பு வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அவருக்குப் பொங்கல் ஞாபகமே வந்தது. விஜயா திரும்பிப் பார்த்து, “நீங்க சொன்னா சரி” என்றாள். ஸ்ரேயா நீல நோட்டில் எழுதினாள். பெயர், அப்பா.

ஆஹா, இவ்வளவு சுலபமா என்று தோன்றியது அவருக்கு. அதன் பிறகு அவர் கை வைக்காத இடமில்லை. செருப்புக்குப் பக்கத்தில் காலி எண்ணெய் டின் கிடந்ததைப் பார்த்து, எண்ணெய் வாங்க முடிவெடுத்தார். கூடத்தில் ஏணி சாத்தியிருந்ததைப் பார்த்து, ஒட்டடை அடிக்க முடிவெடுத்தார். மாமியாரின் மருந்துச் சீட்டு தன்னுடைய கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கவே, மாமியாரை வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக முடிவெடுத்தார். முடிவெடுத்தவரே முடிக்கவும் வேண்டும் என்பது விஜயாவின் கட்சி. அது நியாயமாகவும் இருந்தது. ஆகவே எண்ணெயை அவர் தூக்கி வந்தார், ஒட்டடையை அவர் அடித்தார், ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் மாமியாருடைய முழங்கால் வரலாற்றை அவர் கேட்டார்.

இவையெல்லாம் சாயந்திரச் சாப்பாட்டுக்குள் நடந்தாக வேண்டும். திருப்பருத்திக்குன்றத்தில் அவர்கள் வீட்டில் சூரியன் இறங்கினால் அடுப்பும் இறங்கிவிடும். விளக்கு வைத்த பிறகு ஒரு பருக்கை வாயில் படக் கூடாது என்பது ஜைனக் குடும்பத்து வழக்கம். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் ஜினேந்திரன் ஒருநாளும் தவறியதில்லை. கடையிலிருந்து ஐந்தரைக்கே கிளம்பி வந்து, நாட்காட்டியில் அஸ்தமன நேரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

வெள்ளிக்கிழமை ஆனபோது அவர் பெயரில் பதினெட்டு முடிவுகள் சேர்ந்திருந்தன. இடுப்பு பிடித்திருந்தது. அப்போதுதான் பழைய வியாதி தலைதூக்கியது. பதினாறு வருஷக் குடித்தனத்தில் விஜயா இத்தனை தடவை ‘நீங்க சொன்னா சரி’ சொன்னதில்லை. இவ்வளவு மினுமினுக்கிற சரக்கைக் கடையில் யாராவது கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? சுரண்டிப் பார்ப்பார்.

சுரண்டினார். சனிக்கிழமை காலை, கூடத்துச் சுவருக்கு அரக்குக் கலரில் பெயின்ட் அடிக்கப் போவதாகச் சொன்னார். எந்தப் பெண்பிள்ளையும் தாங்க மாட்டாத முடிவு. விஜயா சுவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “நீங்க சொன்னா சரி. பெயின்ட்டர வரச் சொல்லிடலாம்” என்றாள்.

சண்டை போடுகிற மனைவியோடு எப்படி வாழ்வது என்பது எல்லாக் கணவனுக்கும் தெரியும். சம்மதிக்கிற மனைவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றிலிருந்து ஜினேந்திரன் உளவு பார்க்க ஆரம்பித்தார். காலையில் அவள் வாசலில் கோலம் போடுகிற நேரத்தில் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார், தலையணை உறைக்குள் கை விட்டுப் பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார். என்ன தேடுகிறோம் என்று தெரியாததால் எதுவும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை கிடைத்தது. பீரோவில் விஜயாவின் கல்யாணப் புடவை மடிப்பிலிருந்து ஒரு காகிதத்தின் மூலை எட்டிப் பார்த்தது. உருவினார். பழைய பள்ளிக்கூடத்தின் சேர்க்கை விண்ணப்பம். ஸ்ரேயாவின் பெயர், தகப்பனார் பெயர், முகவரி எல்லாம் விஜயாவின் கையெழுத்தில் பூர்த்தியாகியிருந்தது. கீழே கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் பளிச்சென்று விளங்கியது. விஜயாவுக்கே அந்த இன்டர்நேஷனல் ஸ்கூல் கசந்துவிட்டது. பெண்ணை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தியவள் என்ற பெயர் தனக்கு வரக் கூடாது. அதற்காகத்தான் இந்தச் சரி, சரி, சரி. அவர் வாயாலேயே சொல்ல வைத்து, நோட்டில் ஏற்றி, சனிக்கிழமை ஊரே பார்க்க அட்டையில், ‘ஸ்ரேயாவின் படிப்பை மாற்றியது, அப்பா.’ பெண் ஆயுசுக்கும் அவரை மன்னிக்க மாட்டாள். மாமியார் முழங்கால் வலியை மறந்து இதைப் பேசிக்கொண்டிருப்பாள்.

காகிதத்தை அதே மடிப்பில் செருகிவிட்டுக் கடைக்குப் போனார். பரசுராமனிடம் சொன்னபோது அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு, சுரண்டினீர்கள், சிவப்பு தெரிந்துவிட்டது என்றான். இனி அவங்க இழுக்கிற பக்கம் போகாதீங்க என்றும் சொன்னான்.

ஆகவே அன்று சாயந்திரம், சூரியன் இறங்க இருபது நிமிஷம் இருக்கும்போது, மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஜினேந்திரன் எழுந்து நின்றார்.

“ஸ்ரேயா, நோட்ட எடு. நல்லா எழுது. அடுத்த வருஷமும் நீ இதே ஸ்கூல்தான். அதுக்கு அடுத்த வருஷமும் இதேதான். பத்தாவது முடிக்கிற வரைக்கும் மாத்தற பேச்சே இந்த வூட்ல கூடாது. முடிவெடுத்தவர் பேரு, அப்பா.”

படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்குக் கீழே கோடு வேறு இழுத்தார். ஸ்ரேயா ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிடித்த இடுப்புதான், ஆனாலும் இதமாக இருந்தது. விஜயா, “நீங்க சொன்னா சரி” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அவள் தோள் குலுங்கியது. தோற்றவள் அழுகிறாள், அழட்டும் என்று நினைத்து ஜினேந்திரன் இன்னொரு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு, தன் வெற்றிக்கு ஒரு சாட்சி இருக்கட்டும் என்று பரசுராமனையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். விஜயாவும் ஸ்ரேயாவும் முன்பே போயிருந்தார்கள். வகுப்பறைச் சுவரெல்லாம் அட்டைகள். ஸ்ரேயாவின் அட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில். மேலேயே கொட்டை எழுத்தில் மொத்தம் போட்டிருந்தது. அப்பா முப்பத்தெட்டு. அம்மா ஒன்பது. ஸ்ரேயா மூன்று. ஜினேந்திரன் அட்டைக்குப் பக்கத்தில் நின்று பரசுராமனை ஃபோட்டோ எடுக்கச் சொன்னார். காந்தி ரோட்டுக்காரர்கள் வந்து படித்துவிட்டு அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்கள். ஒரு கடைக்காரர் தன் மகனுடைய அட்டையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஸ்ரேயாவின் முறை வந்தது. அவளுடைய ஆசிரியை அபிநயா தலையசைக்க, அவள் ஒரு ஜரிகை இழையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

“முதல் ஆன்சர்லயே நின்னுடக் கூடாதுன்னு எங்க மிஸ் சொல்லுவாங்க. நின்னுடாம இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. அப்புறம் எங்கப்பா கடைல பாத்து கத்துக்கிட்டேன். அவரு எதையும் மேல பாத்து நம்ப மாட்டாரு. சுரண்டிப் பாப்பாரு. நானும் சுரண்டிப் பாத்தேன்.”

ஜினேந்திரனுக்குப் பெருமை பொங்கியது. பரசுராமனை முழங்கையால் இடித்தார். ஸ்ரேயா அட்டையைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் அதே முப்பத்தெட்டு முடிவுகள். பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு புதுக் கட்டம், ‘அதற்கு முன்னால் நடந்தது.’ வெண்பொங்கல், அப்பா. அதற்கு முன்னால் அம்மா பருப்பு வறுத்தாள். எண்ணெய், அப்பா, முன்னால் அம்மா காலி டின்னைச் செருப்புப் பக்கத்தில் வைத்தாள். ஒட்டடை, அப்பா, அம்மா ஏணியைக் கூடத்தில் சாத்தினாள். ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, அப்பா. அம்மா சீட்டை அவர் கண்ணாடிக் கூட்டில் வைத்தாள். அட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே சிவப்பு. அரக்குக் கலர் பெயின்ட் ஒன்றுக்குத்தான் சிவப்பு மை இல்லை. அதில் ‘பெயின்ட்டருக்கு அம்மா இன்னும் ஃபோன் பண்ணவில்லை’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

கடைசி வரி, இதே ஸ்கூலில் தொடர்வது, அப்பா. அதற்குப் பக்கத்தில் அந்த விண்ணப்பமே குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. ‘அப்பா படிவத்தில் கையெழுத்துப் போடாமலே இருந்தார். புதன் காலை 6.10. அம்மா ஃபாரத்தைப் புடவையில் வைத்து, மூலையை வெளியே இழுத்துவிட்டாள். கோலம் போடப் போனாள். 6.25. அப்பா எடுத்தார்.’ அதற்குக் கீழே, ‘குறிப்பு: இது நான் ஐந்தாவது படித்தபோது வாங்கிய ஃபாரம்.’

ஜினேந்திரன் கிட்டே போய்ப் பார்த்தார். தலைப்பிலேயே இரண்டு வருஷம் முந்தைய தேதி அச்சடித்திருந்தது. கல்யாணப் பத்திரிகையைச் சுரண்டிய நகம், இதைத் தொடவே இல்லை. தான் நினைத்ததையே காட்டுகிற காகிதத்தை யார்தான் சுரண்டுவார்கள்? பின்னால் காந்தி ரோடு சிரித்துக்கொண்டிருந்தது. விஜயா மறுபடியும் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது, இந்தத் தடவை சத்தமும் கேட்டது.

“பாத்துக்கினே இருந்தியேம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று மகளை ஓரமாக இழுத்துக் கேட்டார்.

“கவனிக்கிறவங்க குறுக்க போகக் கூடாதுப்பா. போனா ரிசல்ட் மாறிடும்.”

இதற்குப் பள்ளிக்கூடத்தைத்தான் கேட்க வேண்டும் என்று அபிநயா டீச்சரிடம் போனார். தன் படிவத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுவது என்றுதான் போனார். டீச்சர் அவரை உட்கார வைத்து, ஸ்ரேயா முன்பு நாலு பேர் எதிரில் நின்றால் குரலே எழும்பாமல் தவிப்பாள் என்றும், அப்பாவின் கையெழுத்தைக் கொண்டுவந்த அன்றைக்கு வகுப்பு முழுவதும் காட்டினாள் என்றும், இந்தச் சுரண்டிப் பார்க்கிற முறையை மற்ற பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள் என்றும் நிதானமாகச் சொன்னார். ஜினேந்திரன் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத பத்துப் பேரை நிறுத்திவைத்து ஸ்ரேயா விளக்கிக்கொண்டிருந்தாள். தயங்கவே இல்லை. இந்தக் குழந்தை இனிமேல் நம்மிடம் பதில் கேட்க வர மாட்டாளோ என்கிற பயம்தான் இத்தனை நாளும் தன்னை அரித்தது என்று அவருக்கு அப்போது தெரிந்தது. அவளோ அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள். படிவத்தைப் பற்றிக் கேட்காமலே அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்துவிட்டார்.

வெளியே ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் விஜயாவும் ஸ்ரேயாவும் காத்திருந்தார்கள். பரசுராமன் வேலை இருக்கிறதென்று முன்னாலேயே கிளம்பிவிட்டானாம். மணி ஐந்தே முக்கால். இன்றைக்கு அஸ்தமனம் ஆறு பதினைந்துக்கு. இப்போதே கிளம்பினால் வீட்டுக்குப் போய் இரண்டு கவளமாவது உள்ளே தள்ளலாம். மத்தியானம் வெற்றிக் களிப்பில் சரியாகச் சாப்பிடாததால் பசி காதை அடைத்தது.

“பஸ் ஸ்டாண்டு வழியா போலாமா, சுத்திக்கினு போலாமா?” என்று கேட்டுவிட்டார். பழக்கதோஷம்.

“நீங்க சொன்னா சரி” என்றாள் விஜயா.

சாவியைப் போட்ட கை அப்படியே நின்றது. பஸ் ஸ்டாண்டு வழி என்று சொல்ல வாயெடுத்தார். விஜயா அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறாள்? அப்படியானால் சுற்றிக்கொண்டு போவதுதான் சரி. ஆனால் தான் அப்படி நினைக்க வேண்டும் என்றுதானே அந்தப் பக்கம் பார்க்கிறாள்? அப்படியானால் பஸ் ஸ்டாண்டு. ஸ்ரேயா ஒரு புது நோட்டைப் பையிலிருந்து எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினாள். ஜினேந்திரன் ஸ்கூட்டரை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், ஸ்டாண்டு போட்டு நிறுத்தி யோசித்தார். கேட்டருகே நின்ற வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து பெட்ரோல் இல்லையா என்று விசாரித்தார்.

தென்னை மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கியது. பள்ளிக்கூடத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. ஜினேந்திரன் மணியைப் பார்த்து ஸ்கூட்டர் மேலேயே தளர்ந்து சாய்ந்தார்.

“போச்சு. விளக்கு வெச்சாச்சு. இன்னிக்கு மூணு பேருக்கும் பட்டினிதான்.”

“மூணு பேருக்கு எதுக்கு?” என்றாள் விஜயா, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டே. “நீங்க டீச்சர்கிட்ட பேசிக்கினு இருக்கும்போதே நாங்க ரெண்டு பேரும் சாப்ட்டுட்டோம். உங்களுக்கும் ஒரு டப்பால சப்பாத்தி எடுத்தாந்தேன். இப்பவா, வூட்லயான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்னு வெச்சிருந்தேன். பரசுராமன் அண்ணன் பாத்தாரு. அவரு ஒடனே முடிவு பண்ணிட்டாரு.”